ஒன்றரை அடி இடைவெளி

8 ஜனவரி 1996, திங்கள்

இந்தக் கட்டடத்தை வரைந்தவருக்கு அன்றைக்குக் காய்ச்சல் அடித்திருக்க வேண்டும்.

இன்று வேலையில் சேர்ந்தேன். பொன்னம்மாள் மகளிர் கல்லூரி, பாளையங்கோட்டையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். கல்லூரிக்குப் புதிதாக ஒரு விளையாட்டு அரங்கம் பாதி எழும்பி நிற்கிறது. அதற்கு நான் சைட் இன்ஜினியர். எனக்கு முன்னால் இருந்தவர் விசா வந்ததும் சவுதிக்குப் பறந்துவிட்டார். இழுப்பறையில் அவர் விட்டுப்போனது ஒரு அளவு டேப்பும், பாதி காலியான தலைவலித் தைலமும். குறிப்பு என்று ஒரு வரி இல்லை. தைலம் எதற்கென்று வெளியே போய் நிமிர்ந்து பார்த்ததும் புரிந்தது.

உச்சியில் ஒரு பெரிய முக்கோணம். அதை நடுவில் யாரோ கடித்துத் தின்றாற்போல ஒரு பிளவு. இடப்பக்க ஜன்னல்கள் கோபுரம் மாதிரி படிப்படியாகக் குறுகுகின்றன, வலப்பக்க ஜன்னல்கள் கப்பலில் இருப்பதுபோல வட்டம். வெளிச்சுவரை ஒட்டி ஏழு படிகள். ஏறினால் கதவு இல்லை, சுவர்தான். முகப்பில் ஐந்து தடித்த தூண்கள், தலையில் இட்லி அடுக்கினாற்போல வளையங்கள். அடிக்கப்போகும் நிறங்கள்: கத்தரிப்பூ, சந்தனம், பாசிப்பச்சை.

கேட்டால் பின்நவீனத்துவமாம். வாலிபால் ஆட நாலு சுவர், ஒரு கூரை, நல்ல தரை போதாதா?

9 ஜனவரி

மணல் மட்டம். திருப்பி அனுப்பினேன். லாரிக்காரன் என் அப்பா பெயர் என்ன என்று கேட்டுவிட்டுப் போனான்.

12 ஜனவரி

தாவீது மேஸ்திரி பரவாயில்லை. நாசரேத் பக்கம். வயது நாற்பதுக்குள்தான், கண்ணில் எப்போதும் ஒரு கறுப்புக் கண்ணாடி. கீழே இருபத்திரண்டு ஆட்கள், பாதிப்பேர் சொந்தக்காரர்கள். தூக்குக்குண்டு போடாமலே சுவர் நூல் பிடித்து நிற்கிறது. போட்டுப் பார்த்தேன், இரண்டு மில்லிமீட்டர்தான் விலகல்.

“சந்தேகப்பட்டா போட்டுப் பாருங்க சார், நான் கோவப்பட மாட்டேன்” என்றார்.

“சந்தேகம் இல்ல, பழக்கம்” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணுதானே சார்.”

பி.டி. மிஸ் கனகவல்லியும் வந்து பார்த்தார். கழுத்தில் விசில். அவருடைய பெண்கள் ஆறு வருஷமாக வேதியியல் துறை ஸ்டோர் ரூமில் அமிலப் புட்டிகளுக்கு நடுவே உடை மாற்றுகிறார்களாம். மார்ச் பதினாறு, கல்லூரிகளுக்கிடையேயான போட்டி இங்கேதான். அன்றைக்கே திறப்பு விழா.

“முடிச்சிருவீகளா?”

“வரைஞ்சதைப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்கு மிஸ்.”

“வரைஞ்சதப் பத்தி ஒம்மகிட்ட யாரு கேட்டா? முடிப்பீகளா மாட்டீகளா?”

முடிப்பேன் என்றேன்.

19 ஜனவரி

தப்பு ஒன்றைக் கண்டுபிடித்தேன். இந்த ஊருக்கு வந்து முதல் சந்தோஷம்.

முகப்பில் ஐந்து தூண்கள் என்றேன் அல்லவா, அதில் நாலாவது தூண் மேலே போகும் பீமை எட்டவில்லை. ஒன்றரை அடி குறைவு! வரைபடத்தை விரித்தால் அதிலும் அப்படியே, 450 மில்லிமீட்டர் என்று அளவோடு போட்டிருக்கிறது. முதல் வருஷ மாணவன்கூட இப்படி வரைய மாட்டான். இது செங்கல் தூண், உள்ளே காலி, அலங்காரம் என்பது எனக்குத் தெரியும். அலங்காரம் என்றாலும் தூண் என்றால் முட்ட வேண்டாமா?

“எனக்கும் கேள்வியாத்தான் இருந்துச்சு. பழைய சார் ஒண்ணும் சொல்லல” என்றார் மேஸ்திரி. “மெட்ராஸ் மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருவமா?”

ரேணுகா மேடம் என்பவர்தான் ஆர்க்கிடெக்ட். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை நெல்லை எக்ஸ்பிரஸில் வருவார். நான் இன்னும் பார்த்ததில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். முன்னால் ஏழு பேர். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு அம்மாள் துபாய்க்கு மகனிடம் ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். புளியைக் கரைத்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு திரும்பிவந்து, போன் வேண்டாம், அடைத்துவிடுங்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

20 ஜனவரி

நாலாவது தூண் முடிந்தது. மேலே ஒரு விரல்கூடப் போகாதபடி சாந்து இறுக்கியாயிற்று. இப்போதுதான் ஐந்தும் ஐந்து தூண் மாதிரி இருக்கின்றன.

தாளாளர் சங்கரபாண்டி அண்ணாச்சி ஜீப்பில் வந்தார். அரிசி ஆலை, பெட்ரோல் பங்க், இந்தக் கல்லூரி எல்லாம் அவருடையவை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இப்பதாம்டே லட்சணமா இருக்கு” என்றார்.

29 ஜனவரி

பீமுக்கு அடியில் நிறுத்தியிருந்த முட்டுக்கம்புகளைப் பிரித்தோம். முட்டு எடுத்ததும் எந்தப் பீமும் சில மில்லிமீட்டர் கீழே தொய்ந்து உட்காரும், அது இயற்கை. எல்லாம் சுகம்.

சாயங்காலம் ஐந்து பத்துக்கு அந்தக் கோபுர ஜன்னல்கள் வழியாக வெயில் உள்ளே விழுந்தது. தரையில் படிப்படியாக ஒரு மஞ்சள். தரை மட்டம் பார்ப்பதற்காக இருபது நிமிஷம் நின்றேன்.

30 ஜனவரி

இன்றும் தரை மட்டம் பார்த்தேன். ஐந்து பத்து.

2 பிப்ரவரி

நாலாவது தூணில் இடுப்பு உயரத்தில் தலைமுடி கனத்தில் ஒரு கீறல், நேர்செங்குத்து. பூச்சு காய்ந்து சுருங்கியிருக்கும். சிமென்ட் பால் தடவச் சொன்னேன்.

3 பிப்ரவரி

கீறலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டினேன். கீறல் வளர்ந்தால் கண்ணாடி உடையும், வளராவிட்டால் அப்படியே இருக்கும். எல்லா இடத்திலும் செய்வதுதான்.

5 பிப்ரவரி

கண்ணாடி உடைந்திருக்கிறது. யாராவது தட்டியிருப்பார்கள்.

பழைய வரைபடச் சுருள்களைத் தூசி தட்டினேன். ஆர்க்கிடெக்ட் வரைபடத்தைத்தான் இதுவரை பார்த்திருந்தேன். பாரம் எங்கே இறங்குகிறது என்று காட்டும் வரைபடம் தனிச் சுருளில் இருந்தது. அதில் முகப்புக்கு நான்கு தூண்கள்தான். மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒன்றுமில்லை. பீம் ஒரே தாவாகத் தாவுகிறது. பிரிண்ட் மங்கியிருக்கலாம்.

6 பிப்ரவரி

பிரிண்ட் மங்கவில்லை.

7 பிப்ரவரி

எலக்ட்ரீஷியன் வரவில்லை. கழிப்பறை ஓடு பச்சைக்குப் பதில் நீலம் வந்திருக்கிறது. இட்லிக் கடையில் சாம்பார் புளித்துவிட்டது. புதுக் கண்ணாடியும் உடைந்தது.

9 பிப்ரவரி, வெள்ளி

ரேணுகா மேடம் வந்தார். வயதானவர் என்று நினைத்திருந்தேன். முப்பத்திரண்டு இருக்கும். பருத்திச் சேலை, காலில் கேன்வாஸ் ஷூ. ஆட்டோவிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றார்.

“யார் இதை அடைச்சது?”

அண்ணாச்சி, மேஸ்திரி, நான் மூன்று பேரும் தூணைப் பார்த்தோம், தூண் சொல்லும் என்பதுபோல.

“அஞ்சுல ஒண்ணு பொய்த்தூண். மத்த நாலு மாதிரியே உடுத்திக்கிட்டு நிக்குது. ஆனா தலைக்கு மேல ஒன்றரை அடி விட்டு, நான் எதையும் தாங்கலப்பா, சும்மா நிக்கறேன்னு அதுவே ஒத்துக்குது. பாக்கறவங்க ஒரு நிமிஷம் பயந்து, அப்புறம் சிரிக்கணும். இந்தக் கட்டடத்துல நான் சொன்ன ஒரே ஜோக் அது. அதோட வாய அடைச்சு வச்சிருக்கீங்க! யார் செஞ்சது?”

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாவீது மேஸ்திரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நாந்தாம்மா. அளவு சரியாப் பாக்காம ஏத்திட்டேன்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே மேஸ்திரி.”

“தப்புதாம்மா.”

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “மேஸ்திரி, நாளைலேருந்து நீரும் ஒம்ம ஆளுகளும் வரவேண்டாம்.”

மேஸ்திரி நிமிர்ந்தார். “ஆளுகளுமா அண்ணாச்சி?”

“ஆளுகளும்தான்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “நான் அடுத்த தடவை வர்றதுக்குள்ள அதை வெட்டி எடுத்துடுங்க இன்ஜினியர்.” ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். ஆட்டோ கேட்டைத் தாண்டியதும் அண்ணாச்சி சொன்னார்: “ஒண்ணும் வெட்டாண்டாம். தூணு எட்டாம நின்னா ஊரு சிரிக்கும். அந்தம்மா வரும்போது பாத்துக்கிடலாம்.”

நான் வாயெடுத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். எடுக்கத்தான் செய்தேன்.

10 பிப்ரவரி

மேஸ்திரி ஆட்கள் சட்டி, கரண்டி, மட்டப்பலகை எல்லாம் ஏற்றிக்கொண்டு மினி லாரியில் போனார்கள். கணவனோடு சேர்ந்து சித்தாள் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும் என்னைப் பார்த்து, “வாரோம் சார்” என்றாள். சைட் டைரியில் ‘ஆட்கள்: 0’ என்று எழுதினேன்.

13 பிப்ரவரி

புது மேஸ்திரி, புது ஆட்கள். உடை மாற்றும் அறைச் சுவர் ஒன்பது அடிக்குள் முப்பது மில்லிமீட்டர் சாய்கிறது. இடித்துக் கட்டச் சொன்னேன். “பூசினா தெரியாது சார்” என்றான். பூசினால் எது தெரியாது, எது தெரியும் என்று ஒரு பாடம் எடுத்தேன். எடுக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. காரணம், எனக்கு நேர் எதிரே நாலாவது தூண்.

15 பிப்ரவரி

பெண்கள் பயிற்சி முடித்து அந்த ஏழு படிகளில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றார்கள். கதவில்லாத படிக்கட்டுக்கு அதுதான் வேலை போலிருக்கிறது. பரவாயில்லை.

கனகவல்லி மிஸ் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மேஸ்திரி அப்படித் தப்புப் பண்ற ஆளில்லையே?”

“எல்லாரும் தப்புப் பண்ணுவாங்க மிஸ்.”

“ஆமா, எல்லாரும்தான்.” விசிலை வாயில் வைத்தார், ஊதாமல் எடுத்தார். “என் டீம்ல ஒருத்தி பந்தைத் தொட்டுட்டுத் தொடலன்னு நிப்பா. அம்பயருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவ கண்ணு எப்பவும் பந்து விழுந்த இடத்தப் பாக்காது.”

நான் தூணைப் பார்க்கவில்லை. பெயின்ட் டப்பாவை எண்ணிக்கொண்டிருந்தேன்.

17 பிப்ரவரி

கீறல் இப்போது இரண்டு. ஒன்றில் என் அடையாள அட்டை நுழைகிறது.

இதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பீம் மூன்றாவது தூணிலிருந்து ஐந்தாவதுக்குத் தாவும்படி கணக்குப் போட்டது. முட்டுக்கம்புகளை எடுத்ததும் தொய்கிறது. அடியில் இடைவெளி இருந்தால் சுதந்திரமாகத் தொய்ந்து நின்றிருக்கும். நான் சாந்தை இறுக்கியதால், வெறும் தரைமேல் அஸ்திவாரம் இல்லாமல் நிற்கும் காலிச் செங்கல் குழாயின் தலையில் உட்காருகிறது. பீமுக்கு ஒன்றும் ஆகாது. குழாய் வெடிக்கும். திறப்பு விழா அன்று முந்நூறு பேர் அதன் நிழலில்தான் நிற்பார்கள்.

இரண்டாம் வருஷப் பாடம். எனக்கு அதில் எண்பத்தொன்பது மார்க்.

18 பிப்ரவரி, ஞாயிறு

நாசரேத்துக்கு பஸ் ஏறினேன். தாவீது மேஸ்திரி கோவிலுக்குப் போய்விட்டு வந்து, வெள்ளை வேட்டியோடு வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கிரேஸ் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“இவர்தான் அந்த இன்ஜினியரா?” என்றார் உள்ளிருந்து. “நல்லா நெட்டையா வளத்தியாத்தான் இருக்காரு.”

“சும்மா இரு நீ” என்றார் மேஸ்திரி.

ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று நேராகக் கேட்டேன். எனக்காக இரக்கப்பட்டாரா, அப்படியானால் அது எனக்கு வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். “ஒங்களுக்காகவா? நல்லா இருக்கே! நீங்க போனா புது இன்ஜினியர் வருவாரு. வர்றவரு தன் ஆளுகளக் கொண்டாருவாரு. என் ஆளுக இருவத்திரண்டு பேரும் வெளிய நிப்பாங்க. நான் ஒருத்தன் போனா என் மச்சினன் நின்னு வேலையை முடிச்சிருவான்னு நெனச்சேன். அண்ணாச்சி மொத்தமா அனுப்புவாருன்னு எவனுக்குத் தெரியும்? கணக்குத் தப்பிட்டு.”

“ஈஸ்டர் வருது. இருவத்திரண்டு வீட்டுலயும் வந்து என்கிட்டத்தான் கேக்காளுக” என்றார் கிரேஸ். “இவரு கணக்குப் போட்டாராம், கணக்கு! அஞ்சாங்கிளாஸ்ல அதுல ஃபெயிலு.”

நாளைக்கு அண்ணாச்சியிடம் பேசுகிறேன் என்றேன்.

“பேசுங்க. ஆனா தெரிஞ்சேதான் பழிய ஏத்துக்கிட்டேன்னு சொல்லாதீக. நான் பொய் சொன்னேன்னு ஆயிரும்” என்றார் மேஸ்திரி.

“நீங்க பொய்தானே சொன்னீங்க?”

“அதுக்காக அத வெளிய சொல்லுவாகளா?”

கிளம்பும்போதுதான் கிரேஸ் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

19 பிப்ரவரி

அரிசி ஆலையில் அண்ணாச்சியைப் பார்த்தேன். உமி பறந்துகொண்டிருந்தது. இயந்திரச் சத்தத்தில் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை. ஒரு தப்பை இரண்டு தடவை கத்தி ஒத்துக்கொள்வது லேசான வேலை இல்லை. இரண்டாம் தடவை மூட்டை தூக்குகிறவர்களுக்கும் கேட்டுவிட்டது.

“தூணை அடைக்கச் சொன்னது நான் அண்ணாச்சி! மேஸ்திரி இல்ல! போன் போட்டுக் கேப்போம்னு அவர் சொன்னாரு, நாந்தான் வேண்டாம்னுட்டேன்!”

அண்ணாச்சி கையை உயர்த்தினார். இயந்திரம் நின்றது.

“தெரியும்டே.”

“தெரியுமா?”

“மேஸ்திரி தன் புத்தில ஒரு செங்கல் வைப்பானா? இன்ஜினியர் சொல்லாம ஒருத்தன் ஒன்றரை அடி ஏத்துவானா? எனக்குக் கட்டடம் தெரியாது, ஆளைத் தெரியும்.”

“அப்புறம் ஏன் அவர அனுப்பினீங்க?”

“அந்தம்மா கத்துச்சு. யாரையாவது அனுப்பணும். அவன் கைதூக்குனான். நீ வாயத் தெறக்கல.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “சரி, இப்ப தெறந்துட்ட. என்னத்துக்கு?”

கீறலைச் சொன்னேன். அடையாள அட்டை நுழைவதைச் சொன்னேன். முந்நூறு பேரைச் சொன்னேன். ஒன்றரை அடியையும் வெட்டி எடுக்கவேண்டும், வெட்டுகிற வேலை கண்டவன் செய்கிற வேலை இல்லை, தாவீது ஆட்கள்தான் வேண்டும் என்றேன்.

அண்ணாச்சி முகத்தில் ஒட்டிய உமியைத் துடைத்தார். தூண் எட்டாமல் நிற்பது அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

“வெட்டு. அவன் ஆளுகளக் கூப்பிடு. ஆனா ரெண்டு காரியம். தெறப்பு விழா அன்னிக்கு ஊரு பூராம் வந்து ஏன் எட்டலன்னு கேக்கும். நான் பதில் சொல்ல மாட்டேன். தூணுக்கு அடியில நீ நின்னு ஒவ்வொருத்தனுக்கும் சொல்லணும்.”

“சரி. இன்னொண்ணு?”

“மறுநாள்லேருந்து வேற வேலை தேடிக்கோ. கேக்காம செய்யிறவன என்னால வச்சுக்கிட முடியாது.”

இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பிறகு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். முன்னால் ஒன்பது பேர். நின்றேன். ரேணுகா மேடத்திடம் நான்தான் செய்தேன் என்றேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்” என்றார்.

“ஆமா மேடம்.”

“இப்ப நான் உங்களைத் திட்டணும்னா எஸ்.டி.டி. பில் உங்களுக்குத்தான் ஏறும். வையுங்க.”

22 பிப்ரவரி

தாவீது ஆட்கள் வந்துவிட்டார்கள். வெட்டினோம்.

முதலில் பீமுக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்தோம். பிறகு மேலிருந்து ஒவ்வொரு வரியாகச் செங்கலை உளியால் எடுத்தோம், சுத்தியலை ஓங்காமல். நானும் சாரத்தில் ஏறினேன். “எறங்குங்க சார், கண்ணுல தெறிக்கும்” என்றார் மேஸ்திரி. இறங்கவில்லை. அவர் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். கீழே இருந்த பெண்கள் கூட்டம் விசிலடித்தது. கனகவல்லி மிஸ் பதிலுக்கு நிஜ விசிலை ஊதி அவர்களை விரட்டினார்.

சாயங்காலம் முட்டுக்கம்புகளை மெதுவாகத் தளர்த்தினோம். டியூபில் தண்ணீர் மட்டம் பிடித்து மேஸ்திரி ஒரு முனையில், நான் ஒரு முனையில். பீம் நான்கு மில்லிமீட்டர் கீழே வந்தது. நின்றது. அதற்குமேல் அசையவில்லை. நாற்பது நிமிஷம் மூச்சு விடாமல் பார்த்தோம் என்று எழுத ஆசை, ஆனால் நடுவில் டீ குடித்தோம்.

இறங்கித் தூரப்போய்ப் பார்த்தேன். நாலு தூண்கள் பாடுபட்டுச் சுமக்க, நடுவில் ஒன்று கையை வீசிக்கொண்டு நிற்கிறது. தலைக்கு மேல் ஒன்றரை அடி வானம்.

சிரிப்பு வந்தது. மேஸ்திரி என்ன என்று கேட்டார். தூசி என்றேன்.

4 மார்ச்

கத்தரிப்பூ நிறம் மோசமில்லை.

11 மார்ச்

தூத்துக்குடியில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். கிடங்கு கட்டுகிறார்களாம். நாலு சுவர், ஒரு கூரை. ஏனோ உறையை இரண்டு நாள் ஒட்டாமல் வைத்திருந்தேன்.

16 மார்ச், சனி

காலை எட்டு மணியிலிருந்து தூணுக்கு அடியில் நின்றேன். இஸ்திரி போட்ட சட்டை.

“தம்பி, இது ஏன் எட்டல?” “காசு பத்தலையா?” “இன்னும் வேலை பாக்கி இருக்கோ?” “நெஞ்சே நின்னுட்டுப்பா, விழுந்திராதே?” பதினோரு மணிக்குள் நூற்றுக்கு மேல். முதல் பத்துப் பேருக்குப் பாரம், தொய்வு என்று விளக்கினேன். அவர்கள் பந்தியைத் தேடிப் போய்விட்டார்கள். பிறகு சுருக்கிக்கொண்டேன்: “இது எதையும் தாங்கல. அதை மறைக்கவும் இல்ல.” இதற்குச் சிலர் சிரித்தார்கள். மேடம் தூரத்தில் நின்று சிரிப்பவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். என்னிடம் பேசவில்லை.

அண்ணாச்சி தலைமை விருந்தினரை அழைத்து வந்தார். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற சூப்பிரண்டெண்டிங் இன்ஜினியர், கையில் தடி. தடியால் மேலே காட்டினார்.

“என்னய்யா இது?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“கோட்டிக்காரத்தனமா இருக்கு. அந்த இடைவெளிய அடைச்சா என்ன கெட்டுப்போகும்?”

“அடைச்சுப் பாத்தாச்சு சார். தூணு வெடிச்சிட்டு.”

“வெடிக்காம? அடியில அஸ்திவாரம் இல்லாத தூண்ல கொண்டுபோய் பீமை முட்டக் குடுத்தா? எந்த மடையன் செஞ்சான் அத?”

அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். மைக் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்த தாவீது மேஸ்திரி ஓரடி முன்னால் வந்தார். அவர் வாய் திறப்பதைப் பார்த்தேன்.

“நான்தான் சார்” என்றேன். “சைட் இன்ஜினியர். பேர் இசக்கியப்பன். பாரம் காட்டுற வரைபடத்தப் பாக்காம அடைச்சேன்.”

சுற்றிலும் ஒரு ஐம்பது பேர். பெரியவர் என்னைத் தடி தூரத்தில் வைத்து ஏற இறங்கப் பார்த்தார்.

“படிச்சவன்தானே?”

“எண்பத்தொன்பது மார்க் சார்.”

அப்போதுதான் சிரித்தார். தடி ஆடச் சிரித்தார், இருமல் வரும்வரை. “எண்பத்தொன்பதா! சங்கரபாண்டி, கேட்டீராவே, எண்பத்தொன்பது!” என்று அண்ணாச்சியின் முதுகில் தட்டிக்கொண்டே உள்ளே போனார். அண்ணாச்சி வாசலில் ஒரு கணம் திரும்பி என்னைப் பார்த்தார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்பதை அவர் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டார். ஆனால் ஒரு ஆளை விட்டு எனக்கு ஒரு நாற்காலி அனுப்பினார்.

உட்காரவில்லை. உள்ளே முதல் ஆட்டம் தொடங்கி, பந்து தரையில் அறையும் சத்தம் கேட்டது. வாசலில் அடுத்த பஸ் வந்து நின்றது. இறங்கிய முதல் அம்மாள் நிமிர்ந்து பார்த்து, மார்பில் கைவைத்து, நேரே என்னிடம் வந்தார்.